பாலிஷ் போட்ட மீன்

டிரைவிங் ஸ்கூல் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியைக் குதிக்க வைத்த எல்லோரும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். "உன்கிட்ட திட்டு வாங்காதவன் லைசென்ஸ் செல்லாது" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரே இடம், ஞாயிற்றுக்கிழமை கல் தேடும் சங்கம். ஏழெட்டுப் பேர் சுத்தியலும் தண்ணீர் பாட்டிலுமாகப் பழைய குவாரிக்குப் போவார்கள். அங்கேதான் ஒரு பலகைக்கல்லை அவள் பக்கவாட்டில் தட்ட, அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு, என்றைக்கோ கல்லாகிப்போன ஒரு மீன், எலும்பெலும்பாக. தலை ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டது; முள்ளும் வாலும் மறு பாதியில்.

அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்த பல்கலைக்கழகப் பேராசிரியை, "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. ரெண்டு பாதியும் இருந்தாதான் என்ன மீன்னு சொல்ல முடியும். நானே வர்றேன்" என்றார். அந்த வாரம் அக்கா யாரையுமே திட்டவில்லை. மாணவர்கள் பயந்துபோனார்கள்.

சங்கத்து வழக்கப்படி கண்டெடுத்தவருக்கு ஒரு பாதி, சங்கத்துக்கு ஒரு பாதி. வால் பாதி சங்கத் தலைவர் வீட்டு அலமாரிக்குப் போனது. அங்கேதான் வந்தது வினை.

பேராசிரியை வரும் நாள் காலை, சங்கத்து மேசையில் அக்கா தலைப் பாதியை வைத்தாள். தலைவர் துணியைப் பிரித்து மறு பாதியை வைத்தார். வழவழவென்று மின்னியது. மீனைக் காணோம்.

"என்ன சார் இது?"

"வர்றவங்க முன்னாடி அழுக்கா இருக்கக் கூடாதேன்னு மார்பிள் கடைக்காரர்கிட்ட பாலிஷ் போடக் கொடுத்தேன்மா. பாவம், காசே வாங்கல."

எத்தனை வருஷம் கல்லைத் தூக்கித் திரிந்த மனுஷன்! மெஷினில் கொடுத்தால் மேல்பரப்பு போய்விடும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். பெரிய இடத்து ஆள் வருகிறார் என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"வால் எங்க சார்? முள்ளு எங்க? இதைக் கொண்டுபோய் உங்க குளியலறையில பதிங்க! அதுக்குத்தான் லாயக்கு!" என்று அக்கா கத்தினாள். தலைவர் தரையைப் பார்த்தார்.

பாராட்டு வாங்கலாம் என்று கதவோரம் நின்றிருந்த மார்பிள் கடைக்காரர் பதறிப்போய் முன்னால் வந்தார். நல்ல மனுஷன். தலைப் பாதியை நோக்கிக் கையை நீட்டினார்.

"கோவப்படாதீங்கக்கா. அதையும் கொடுங்க, இப்பவே போட்டுத் தந்துடறேன். ரெண்டும் ஒரே மாதிரி ஜோடியா இருக்கும்ல?"

அக்கா வாயைத் திறந்தாள். ஊரையே திட்டிய வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. தலைப் பாதியை எடுத்து மடியில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பேராசிரியையின் கார் வந்து நின்றது.