வெயில் விழாத காட்டுக்கு வடகம்

ஐப்பசி மழை வலுத்த அன்று, புதுச்சேரி குருசுக்குப்பத்து ஆனந்தமேரி தன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். மழைக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

கணவர் யூஜின் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் வசம் உள்ள கயானாவில் பணியில் இருந்தபோதே அந்த மழைக்காட்டின் மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது. இனி அங்கேயே போய் இருக்க, கூட வேலை பார்த்த சிநேகிதரோடு சேர்ந்து ஆற்றோரமாக ஒரு மரவீடு கட்டிவைத்திருந்தார். கரண்ட் கம்பி அந்தப் பக்கமே போகாது. உப்பு வாங்கவும் படகில்தான் போகவேண்டும்.

"மொதல்ல நான் மட்டும் போறேன். உனக்கு அதெல்லாம் ஒத்துவராது மேரி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கண்டம், இவள் ஒரு கண்டம் என்றே காலம் போயிருந்தது. இனிமேலும் போனில் குடும்பம் நடத்த அவளுக்கு மனமில்லை.

"இந்த மழ முடியற வரைக்கும் கம்பிக் கரண்ட் இல்லாம இருந்து காட்றேன். காட்டிட்டா நானும் வருவேன்."

"காட்டு, பாக்கலாம்."

விளக்குக்கு மட்டும் மாடியில் சோலார் தகடு ஏறியது. கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒயரை முடுக்கவும் கற்றுக்கொண்டாள். மணலும் கரியும் போட்ட டிரம்மில் மழைநீரை வடித்துக் காய்ச்சிக் குடித்தார்கள். மாடிக் கொட்டகையில் விறகடுப்பு எரிந்தது.

எதிர்வீட்டுச் செல்வாம்பாள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "இன்னா மேரிக்கா, கரண்ட்ட புடுங்கிட்டாங்களா?"

"நான்தான் புடுங்கிட்டேன்!"

"அப்படின்னா உங்க சொல்தாவ வந்து கூட்டிக்கினு போ. எங்க வூட்டு ஃபேனுக்கு அடியில நல்லா கொறட்ட வுடறாரு."

தெருவே சிரித்தது. தெருவில் 'சொல்தா' என்றே பெயர் வாங்கிய பட்டாளத்துக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஆனால் அவள் சறுக்கியதும் அந்த மழையில்தான். சித்திரை வெயிலில், சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, கடுகும் உளுந்தும் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவிப் பிடித்து, தினம் உதிர்த்து மறுபடி உருட்டிக் காயவைத்த வடகம். புதுச்சேரியில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். மழைக்குள் டின்னைத் திறந்தபோது உருண்டைகள் மேல் பூஞ்சணம் பச்சையாகப் படர்ந்திருந்தது.

யூஜின் டின்னை முகர்ந்து பார்த்தார். "இங்க வருஷத்துல ரெண்டு மூணு மாசம் மழ. அங்க காட்டுக்குள்ள வெயில் தரையிலயே விழாது. இதுக்குத்தான் சொன்னேன், நீ இங்கயே இரு."

அவள் டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் அடுப்புக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், மூங்கில் தட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். கொட்டும் மழையிலேயே புதிதாக வடகம் பிடித்து அதில் பரப்பினாள். முதல் ஈடு அனல் பட்டுக் கருகியது. தட்டை இன்னும் உயர்த்தினாள். அடுத்த ஈடு உள்ளே ஈரமாகவே நின்று புளித்துப்போனது. உருண்டையைச் சிறிதாக்கினாள். சமையல் முடிந்த பின்னும் கணப்பு அணையாமல் உமியைத் தூவிக்கொண்டே இருந்தாள். முடியெல்லாம் புகை நாறியது. மாதாகோயில் பூசைக்குப் போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில், விடாத தூறலில், வடகத்தைத் தாளித்து மீன்குழம்பு வைத்தாள். யூஜின் ஒரு வாய் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"இது வெயில்ல காஞ்சதா?"

"வெயிலா? நீங்க எப்பங்க பாத்தீங்க வெயில?"

அவர் டின்னைத் திறந்து ஓர் உருண்டையை உடைத்தார். நொறுங்கியது. புகை மணந்தது.

"இதுல எவ்ளோ எடுத்துக்கினு போகலாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். அந்த வூட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மேல ஆணி அடிக்க எடம் இருக்கா?"

யூஜின் எச்சில் கையோடு, ஈரத்தரையில் விரலால் அந்த வீட்டை வரைந்து காட்டத் தொடங்கினார்.