லாங் பெல்

படிப்பவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைதான். விரல்கள் விறைத்துப்போய்விட்டன, பேனா நான் நினைத்த பக்கம் போகாது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றும் குழப்பம் உண்டு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் நான் எதையும் மாற்றவில்லை.

எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் பிச்சாவரம் முகாமில் சேட்டை பண்ணிக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தார்கள் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். அவர்கள் சேட்டை பண்ணவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தார்கள். அதில் என் மகளும் இருந்தாள், அவளுடைய ஜோடிப் பையனும் இருந்தான்.

ஜோடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சுனாமியைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மகளுக்கு நாலு வயது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். என் மனைவி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தங்கை எங்கிருந்தோ "அக்கா"வென்று கத்தினாள். அவள் திரும்பினாள். அவ்வளவுதான். எங்கள் குப்பத்தில் போனவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர்கள்.

பிறகு புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். கடலைப் பார்த்த வாசல். பின்பக்கம் தார் ரோடு. நான் படித்த காலத்தில் வாத்தியார் நாற்காலியில் இருப்பார், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கத்துவோம். இங்கே நாற்காலியே கிடையாது. டீச்சரும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருப்பார். சுவரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தட்டுகளில் அட்டைகள் அடுக்கியிருக்கும். அவரவர் அட்டையை அவரவரே எடுத்து, படித்து, முடித்ததும் அடுத்ததுக்குப் போக வேண்டும். காலையில் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஜன்னல் ஓரமாகக் கொஞ்ச நேரம் நிற்பேன். உள்ளே வாருங்கள் என்று டீச்சர் கூப்பிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும், போய்விடுவேன்.

என் மகள் அதிகம் பேசமாட்டாள், என்னை மாதிரி. அவளோடு அதே பாயில் உட்காருகிற பையன் அதற்கும் சேர்த்துப் பேசுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நாங்கள் மாரியம்மன் கோயில். ஆனாலும் எங்களுக்குள் மாமன் மச்சான் பேச்சுதான்.

கடல் வந்தால் என்ன செய்வது என்பதையும் டீச்சர் ஒரு பாடமாகவே வைத்திருந்தார். மாதத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மணியை நிறுத்தாமல் அடிப்பார். ஒரே பாயில் உட்காருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி. உடனே ஜோடியின் கையைப் பிடிக்க வேண்டும். பையை எடுக்கக் கூடாது. செருப்பைத் தேடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாக ஓட வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

"அம்மா கூப்பிட்டா?" என்று டீச்சர் கேட்பார்.

"திரும்ப மாட்டோம்!"

"அப்பா கூப்பிட்டா?"

"திரும்ப மாட்டோம்!"

பிள்ளைகள் இதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். நடுவில் கையை விட்ட ஜோடி அவுட். என் மகளும் அந்தப் பையனும் ஒரு தடவைகூட அவுட் ஆனதில்லை. மற்ற ஊர்களில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும்போது லாங் பெல் அடிப்பார்கள், பிள்ளைகள் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு வெளியே வருவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த மணியை வேறு எதற்கும் அடிக்க டீச்சர் விடமாட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கை தட்டுவார்.

2009இல் மகள் நாலாவது படித்தாள். காலாண்டு லீவில் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் மூன்று நாள் மாணவர் முகாம் என்று சொன்னார்கள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. குறிஞ்சிப்பாடி, பெண்ணாடம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். முகாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பையனின் அம்மா பயந்தாள். நாங்கள் சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் முகாமில் கிடந்தவர்கள்.

"அது வேற முகாம்மா. பாட்டு, விளையாட்டு, படகுல ஒரு ரவுண்டு," என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்த்தார். "துணைக்கு நீங்க வாங்க. நீங்கதான் பசங்ககிட்ட கத்தமாட்டீங்க."

"இவரு எங்க டீச்சர் கத்துறது? இவரு இருமுனாலே ஊரு கூடிப் பாக்கும்," என்றாள் பையனின் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நான் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் நாள் நல்லபடியாகப் போனது. சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போனார்கள். எங்கள் பிள்ளைகள் படகு ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்தில் யாரும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கவிட்டதில்லை. ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. குறிஞ்சிப்பாடிப் பையன்கள் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள்.

"என்னாடா இது, கடலூர்க்காரனுங்க தண்ணியப் பாத்து நடுங்குறானுங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"நாங்க பாத்த தண்ணிய நீ பாத்திருந்தீன்னா டவுசர்லயே போயிருப்ப," என்றான் ஜோடிப் பையன். மிதவைச் சட்டை அவனுக்கு முட்டி வரைக்கும் தொங்கியது. என்னிடம் திரும்பி, "மாமா, இதுல இன்னொருத்தர் பூந்துக்கலாம், வர்றீங்களா?" என்றான்.

"நீ வாய மூடு, படகு சாயுது," என்றாள் என் மகள்.

படகுக்காரர், "தண்ணியில கைய வுடாத தம்பி, நண்டு புடிச்சுக்கும்," என்றார்.

"புடிக்கட்டும்ணே. குழம்பு வெச்சுக்கலாம்."

மகள் சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். வேர்களுக்கிடையே படகின் நிழல் போய்க்கொண்டிருந்தது, அவள் பல் தெரியச் சிரித்தாள். அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒளித்து வைத்த பொருள்களைத் தேடச் சொன்னார்கள். நாங்கள் தங்கியிருந்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். அதன் வாசல் ரோட்டைப் பார்த்தது. பின்பக்கம் ஒரு மண் கரை. அது நேராக உப்பனாற்றில் போய் முடியும். டீச்சர் உள்ளே அறையில் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பம்பு பக்கத்தில் டீ அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை பிள்ளைகளைக் கூப்பிட விசில்தான் ஊதினார்கள். அன்றைக்கு விசில் எங்கோ விழுந்துவிட்டது. உதவிக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பையன், சுண்டல் தயார் என்று சொல்வதற்கு, வராந்தாவில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை ஒரு கம்பியால் அடித்தான். உற்சாகத்தில் நிறுத்தாமல் அடித்தான்.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடிவந்தார்கள். அந்தக் கூச்சலே அலறல் மாதிரி இருந்தது. அண்டாவைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் என் காலும் ஓடத் தொடங்கியது. இரண்டு எட்டு வைத்த பிறகுதான் இது வேறு ஊர் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையில் இருந்ததைக் கீழே போட்டார்கள். ஒருவரும் கத்தவில்லை, அழவில்லை. ஜோடி ஜோடியாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஓடினார்கள். முன்னால் ஓடியது என் மகளும் அந்தப் பையனும்.

நான் கத்தினேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "பாப்பா, நில்லு! அந்தப் பக்கம் போகாத! அப்பா கூப்பிடுறேன், நில்லு பாப்பா!"

அவளுக்குக் கேட்டது. கேட்டதும் அவள் வேகத்தைக் கூட்டினாள். நான் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

டீச்சர் வெளியே வந்து, அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலமாகக் கை தட்டினார். பின்னால் ஓடிய ஜோடிகள் அந்தத் தட்டலைக் கேட்டு நின்றன. முன்னால் போனவர்கள் கரையின் முடிவுக்கே போய்விட்டார்கள். அங்கே ஒரு மதகு இடிந்து கிடந்தது. தண்ணீர் ஏறுகிற நேரம். அது இடிந்திருந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது, புல் மறைத்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போய் விழுந்தார்கள்.

நான் போய்க் குதித்தேன். இடுப்பு வரை சேறு. கால் மேலே வரவில்லை. வாயில் கூடையைக் கடித்துக்கொண்டு வெறுங்கையால் இறால் தடவுகிற பெண்கள் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் இருந்தார்கள். அவர்கள்தான் வந்தார்கள். "அசையாத அண்ணே, அசைஞ்சா உள்ள இழுத்துக்கும்," என்று ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். படுத்த மாதிரியே சேற்றின்மேல் போனாள்.

என் மகள் ஒரு கையால் வேரைப் பிடித்திருந்தாள். தலை வெளியே இருந்தது. இன்னொரு கை தண்ணீருக்குள் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் பையனை வெளியே எடுத்தார்கள். மூக்கு, வாய் எல்லாம் சேறு. கரையில் போட்டுக் குப்புறத் திருப்பி அமுக்கினார்கள். மூச்சு வந்தது. என் மகளையும் என்னையும் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"கண்ணு, கைய வுடு. நாங்க புடிச்சிருக்கோம், வுடு," என்றாள் அந்தப் பெண்.

"விட்டா அவுட்டு," என்றாள் என் மகள். பல் கிட்டிப்போய் வார்த்தை சரியாக வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகளுக்கு உடம்பெல்லாம் கீறல், வேறொன்றும் இல்லை. பையனுக்கு நெஞ்சுக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது. டாக்டர்கள் ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவன் அம்மா விடிவதற்கு முன் வந்துவிட்டாள். அப்பா கடலில் இருந்தார், கரைக்கு வந்து சேதி கேட்டு நேராக வந்தார். லுங்கியில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

டீச்சர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பையனின் அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"பின்பக்கம் ஓடணும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"அதான் ஓடுனான்."

"ஆமாம்மா."

அவள் டீச்சருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் பையன் போய்விட்டான்.

வேன் ஏற்பாடு செய்தார்கள். என்னையும் மகளையும் பஸ்ஸில் வரச் சொன்னார்கள். மகள் என் கையை உதறிவிட்டு வேன் கதவுகிட்டே போனாள். "நானும் அவன்கூட வர்றேன்," என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பையனின் அப்பா என்னைப் பார்த்தார்.

"வரட்டும் மச்சான். ஒண்ணாத்தான போனாங்க," என்றார்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போர்வைக்கு வெளியே அவன் கை இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது மழை பிடித்தது.

குப்பத்தில் எல்லோரும் ரோட்டுக்கே வந்து நின்றார்கள். கதவைத் திறந்ததும் அழுகை எழுந்தது. மகள் பயந்துபோய் சீட்டோடு ஒட்டிக்கொண்டாள், இறங்கவில்லை. நான் போவதற்குள் பையனின் அப்பா ஏறினார். முதலில் என் மகளைத் தூக்கி, தலையைத் தன் தோளில் சாய்த்து, கூட்டத்தைப் பார்க்காதபடி அணைத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் மகனைத் தூக்கினார்.

கடலூர் முதுநகர்,
12 ஆகஸ்ட் 2012, ஞாயிற்றுக்கிழமை.