எட்டில் எது மெயின்

நாவலூர் ஆபீசில் நான் டீம் லீடர். எங்கள் ப்ரோகிராம் ஓடத் தொடங்கியதும் எட்டு ப்ராசஸாகப் பிரிந்து வேலை பார்க்கும். எட்டுக்கும் ஒரே பெயர், தொடங்கும் வரிசையில் கம்ப்யூட்டர் கொடுக்கும் நம்பர் மட்டும் வேறு. அதில் ஒன்றுதான் மெயின். அதை நிறுத்தச் சொன்னால் மற்ற ஏழையும் மூடிவிட்டுத் தானும் படுத்துக்கொள்ளும்.

எது மெயின் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இருப்பதிலேயே சின்ன நம்பர்தான். எங்கள் கம்பெனியில் எம்ப்ளாயி நம்பர் சின்னதாக இருப்பவருக்குத்தான் நிழலில் பார்க்கிங், பொங்கலுக்கு முதல் லீவு. எனக்கு இரண்டும் உண்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்த மரியாதை தெரியாமலா இருக்கும்?

ஒரு திங்கட்கிழமை சின்ன நம்பரை நிறுத்தினேன். அடுத்த நொடியே புதிதாக ஒன்று முளைத்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி முளைத்தது. நிறுத்துவதற்கான கோடிங்கை எழுதியவள் ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு ஜூனியர் பெண். அந்த வெள்ளிக்கிழமைதான் அவள் வேலை நிரந்தரமாகுமா என்று தெரியும். 'அவள் கோடிங்கில் தப்பு' என்று மேனேஜருக்கு மெயில் தட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் அவளைக் கூப்பிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"அண்ணா, நீங்க நிறுத்தினது மெயின் இல்ல."

"நம்பர் சின்னதா இருக்கேம்மா."

"நம்பர் லிமிட்டைத் தொட்டுட்டா திரும்பச் சின்னதுலேர்ந்து ஆரம்பிச்சிடும்ணா. எதை எது ஸ்டார்ட் பண்ணிச்சுன்னு பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். ஏழுக்கும் பக்கத்தில் ஒரே நம்பர், எட்டிலும் பெரியது. பட்டியலின் அடியில் கிடந்தது. நான் நிறுத்த நிறுத்தப் பதில் ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததும் அதுதான். அவள் அதை நிறுத்தினாள். எட்டும் சத்தமில்லாமல் அடங்கின. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தோடேயே 'பிரச்சினை தீர்ந்தது' என்று மேனேஜருக்கு எழுதினேன். அவள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு யாருதுன்னு போடலயேண்ணா. வெள்ளிக்கிழமை என் கன்ஃபர்மேஷன்."

குரல் உயரவில்லை. தப்பு என்னுடையது, கோடிங் சரி, கண்டுபிடித்தது அவள் என்று இன்னொரு மெயில் எழுதினேன். மூன்றே வரிதான், அரை மணி நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. வேலை நிரந்தரம். 'சீனியரின் சிறந்த வழிகாட்டுதலில் நன்கு தேறியுள்ளார்' என்று மேனேஜர் குறிப்பு எழுதியிருந்தார். அதை என்னிடம் காட்டி, "ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றாள். கிண்டலா, நிஜமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.