ருசி பார்க்காதவர் காய்ச்சிய சூப்

கோட்டைக் கழற்றி உதறினாலும் போகாது, கோழியெலும்பு வெந்த வாசம். சப்வேயில் பக்கத்தில் இருந்தவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். எனக்கு அது அந்த வின்ரர் காலையின் வாசம்.

கனடா வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரே பேஸ்மென்றில் என்னோடு இருந்த அண்ணை, டவுன்டவுனில் எட்டுக் கதிரை போட்ட ஒரு ஜப்பானியக் கடையில் ராமென் என்கிற நூடில்ஸுக்கு சூப் காய்ச்சுகிறார். எலும்பு உடைந்து, சாறு பால்போல வெளுக்கும்வரை கொதிக்கவேண்டும். கொதியின் சத்தம் தடிக்கும்போது அடுப்பைக் குறைப்பார். காதும் மூக்கும் கண்ணும்தான் அவருக்கு, நாக்கில்லை. மூன்று வருசத்துக்கு முன் தன் மனிசியின் ஒப்பரேஷனுக்கு நேர்த்தி வைத்து மச்சத்தை விட்டவர். மீனுமில்லை, இறைச்சியுமில்லை. வேலை முடிந்துபோய் முழுகிவிட்டுத்தான் விளக்கேற்றுவார்.

தினமும் ருசி பார்ப்பது முதலாளி, வயதான ஜப்பானியர். சூப் சரியில்லையென்றால் அன்றைக்குக் கடை திறப்பதில்லை. அவர் திங்கட்கிழமை முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போவதாக இருந்தது. இனி நீயே குடித்துப் பார்த்துத் திற என்றுவிட்டாராம். குடித்தால் நேர்த்தி போகும். உள்ளதைச் சொன்னால் பானை இன்னொருவர் கைக்குப் போகும். யோசித்து யோசித்து, கடைசியில் என் நாக்கை இரவல் கேட்டார்.

முதலாளி வருமுன் கடைக் குசினியில் ஒரு ஒத்திகை. சின்னக் கோப்பையில் வார்த்துத் தந்தார். வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஒரு வெயில் மெல்ல இறங்கியது. அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“உப்பில்லை அண்ணை. மிளகும் காணாது.”

தலையில் கைவைத்தார். உப்பெல்லாம் கிண்ணத்தில் முதலே ஊற்றுகிற சோஸில் இருக்கிறதாம், பானையில் போடுவதில்லையாம்.

“தடிமன் காய்ச்சலுக்கு வைக்கிற கோழிச்சாறோ உது? கோழி தெரியுதோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு.”

அப்போதுதான் பின்கதவில் முதலாளி நிற்பதைக் கண்டோம். வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தார். இது யார் என்று கேட்டார். சிநேகிதன், பசியென்று வந்தவன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அண்ணை ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த குசினி இங்கிலிஷில் எல்லாவற்றையும் சொன்னார்: மனிசியை, நேர்த்தியை, நான் மிளகு கேட்டதைக்கூட.

எவ்வளவு காலமாக ருசி பார்க்கவில்லை என்று முதலாளி கேட்டார். மூன்று வருசம் என்றதும் என் கோப்பையை வாங்கி, வார்த்து, கண்ணை மூடிக் குடித்தார். இன்னொருதரமும் குடித்தார். தன் சாவிக்கொத்திலிருந்து கடைத் திறப்பைக் கழற்றி அண்ணையின் பக்கம் தள்ளினார். இந்த ஆள் வந்து குடிக்கட்டும், உப்பைப்பற்றி மட்டும் இவரைக் கேட்காதே என்றார்.

அண்ணை வாசல்வரை வந்தார். பொக்கற்றுக்குள் போட்ட திறப்பை வெளியிலிருந்து தடவித் தடவிப் பார்த்தார்.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்து நிண்டிடு. மிளகுக்கதை கதையாதை.”

“ஓம் அண்ணை. வாறன்.”