பூவெடுக்கும் ஊரில் ஒரு பத்தரை மணிப் பள்ளி

மார்ச் இரண்டாவது வாரம், விடைத்தாள் கட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு மூன்று நாள் மதுரைப் பக்கம் போய்வந்தேன். கோயிலுக்கு இல்லை. ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்க்க.

எங்கள் ஊர் பழனிக்குப் பக்கம். எங்கள் ஒன்றியப் பள்ளியில் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள். திருமங்கலத்தைத் தாண்டி நாவலோடை என்ற ஊரில், மூடவிருந்த பள்ளியை ஊர்க்காரர்களே அரசோடு ஒப்பந்தம் போட்டு எடுத்து நடத்துகிறார்கள், நாமும் கேட்கலாம் என்று எங்கள் பெற்றோர் குழுவில் ஆறு மாதமாகப் பேச்சு. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவள் நான். இந்த மாதிரி வெற்றிக் கதைகளில் பாதி, நேரில் போனால் கரைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க டீச்சர்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழனியிலிருந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு மூன்று மணி நேரம், நூற்று இருபது ரூபாய். திங்கள் இரவு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினேன். அறை தொள்ளாயிரம். சுத்தம்தான், ஆனால் கீழே இருக்கும் பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம் பதினொன்றரை வரை ஓயாது. தூக்கம் முக்கியம் என்றால் பின்பக்க அறை கேளுங்கள்.

செவ்வாய் காலை ஆறரைக்குப் பெரியார் நிலையத்தில் திருமங்கலம் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருபது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. திருப்பரங்குன்றத்தில் மட்டும் பத்து நிமிடம் நின்றது. திருமங்கலத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு டி. கல்லுப்பட்டி பேருந்தில் ஏறி, பன்னிரண்டாவது கிலோமீட்டரில், ஊர்ச் சாலை பிரியும் ஒரு விலக்கில் இறங்கினேன். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால் இருபது ரூபாய், சேராவிட்டால் நூறு. எனக்கு ஆள் சேரவில்லை.

சாலையின் இரண்டு பக்கமும் கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வந்தன. நடுநடுவே இடுப்பளவு உயரத்தில் மல்லிச் செடி வரிசைகள். வரிசைக்குள் குனிந்த முதுகுகள் தெரிந்தன. சில முதுகுகள் மிகவும் சிறியவை. அதைக் குறித்துக்கொண்டேன்.

"ஸ்கூலுக்கா போறீக? இப்பவேயா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மணி எட்டே முக்கால் ஆச்சே."

"அக்கா, அங்க மணியடிக்கிறது பத்தரைக்கு. அம்புட்டுப் பேரும் பூவுக்குப் போயிருப்பாக. பூ சீசன் முடியிற வரைக்கும் அப்படித்தேன்." பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்து, "நீங்க ஆபீசரா?" என்றார். இல்லை என்றதும், "அப்பச் சரி" என்று கொஞ்சம் வேகம் கூட்டினார்.

பள்ளிக் கதவு பூட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கையில் தோல்பை.

"மேடம், நீங்கதான் ஹெச்.எம்.மா?"

இல்லை, பார்க்க வந்தவள் என்றேன். அவர் வட்டாரக் கல்வி அலுவலர், இந்த வட்டாரத்துக்குப் புதிது. மூன்று வருட ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று அவர்தான் பரிந்துரை எழுத வேண்டும். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் ஒன்பதுக்கு வந்தாராம்.

"மத்த ஸ்கூல்ல இந்நேரம் பிரேயர் முடிஞ்சிருக்கும்" என்று கடிகாரத்தைக் காட்டினார். "பிள்ளைங்க வயல்ல நிக்குது. அதுக்குத் தோதா நேரத்த மாத்திக்கிட்டாங்க. இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா, நீங்களே சொல்லுங்க."

வழியில் ஆட்டோவில் நான் நினைத்துக்கொண்டு வந்ததும் அதுதான்.

தலைமையாசிரியை ஜெயந்தி ஒன்பதரைக்கு ஸ்கூட்டியில் வந்தார். அலுவலரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டு, சாவியை எடுத்தார். "வாங்க சார். காப்பி சொல்லட்டுமா?" குரலில் பதற்றம் இல்லை.

பிள்ளைகள் வருவதற்குள் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். பள்ளியைத் தனியாருக்குக் கொடுத்துவிடவில்லை. கட்டடம், சாப்பாடு, இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் எல்லாம் அரசுடையதுதான். பள்ளி நேரம், பாடம் நடத்தும் முறை, கூடுதல் ஆசிரியர்களை நியமிப்பது ஆகியவை ஊர்க் குழுவின் கையில். பதிலுக்கு, பிள்ளைகள் எண்ணிக்கையும் வாசிப்பும் கூட வேண்டும். கூடாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். பள்ளியை மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளி நால்வழிச் சாலைக்கு அந்தப் பக்கம். ஐந்து வயதுப் பிள்ளைகள் அந்தச் சாலையைத் தினம் இரண்டு முறை கடக்க வேண்டும். நாவலோடைக்காரர்களுக்கு அன்றைக்கு இருந்த பயம் இதுதான், வேறு எதுவும் இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன் பதினான்கு பிள்ளைகள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். முதல் வருடம் குழு செய்தது, டையும் ஷூவும் வாங்கிக் கொடுத்து, பலகையை ஆங்கிலத்தில் எழுதியது. "இருபது பேரு புதுசா வந்தாங்க. தீபாவளிக்குள்ள பாதிப் பேரு மறுபடியும் தனியார் ஸ்கூல் வேன்ல ஏறிட்டாங்க. கழுத்துல டை மாட்டுனா வாசிப்பு வந்துருமா?" என்றார் ஜெயந்தி. இரண்டாம் வருடம் டையை விட்டுவிட்டு, வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் அளவைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தார்கள். பூ சீசனில் மட்டும் நேரத்தையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வந்து நிலைத்தார்கள்.

பத்து மணிக்குத் தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. தாய்மாரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்தே வந்தார்கள், ஈரத் தலையோடு. முன்னால் வந்தவர் குழுத் தலைவி பாண்டியம்மாள். நாற்பது வயது இருக்கும். கூடவே நான்காவது படிக்கும் மகள் யாழினி. அலுவலரைப் பார்த்ததும் பாண்டியம்மாள் நடையைக் குறைக்கவில்லை.

"சார், பதினொண்ணுன்னுல்ல சொன்னாக? முன்னக்கூட்டியே வந்துட்டீக. சரி, பிள்ளைக சாப்பிடட்டும், பெறகு நீங்க என்ன கேக்கணுமோ கேளுங்க."

காலை உணவு கிச்சடியும் சாம்பாரும். பத்தரைக்கு மணி அடித்தது. அலுவலர் நேராக மூன்றாவது அறைக்குப் போனார். பின்னாலேயே நானும். பாடப்புத்தகத்தை நீட்டிய ஆசிரியையிடம் வேண்டாம் என்றுவிட்டு, தன் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்து யாழினியிடம் கொடுத்தார். மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிக்கவைத்து ஏமாற்றுவது எல்லா ஊரிலும் உண்டு. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

யாழினி பூ மார்க்கெட் செய்தியைத் தேர்ந்தெடுத்தாள். நிறுத்தி நிறுத்தி, ஆனால் தடுமாறாமல் வாசித்தாள். மல்லி கிலோ ஆயிரம் ரூபாய் என்ற வரி வந்ததும் நின்றாள்.

"சார், இது தப்பு. இன்னைக்கு எழுநூறுதான்."

"பேப்பர்ல போட்டிருக்கே?"

"பேப்பரு நேத்து ராத்திரி அடிச்சது சார். வெல காலையிலதான எறங்குச்சு. அம்மாவுக்குக் கடையிலருந்து போன் வந்துச்சு."

வகுப்பு சிரித்தது. அலுவலர் சிரிக்கவில்லை, ஆனால் தாளைத் திரும்ப வாங்கியபோது மடிக்க மறந்துவிட்டார். கடைசி வரிசையில் நானாக மூன்று பேரை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேர் வாசித்தார்கள். ஒருவன் எழுத்துக் கூட்டினான். சிறு பிள்ளைகளின் அறையில் இன்னும் கூட்டல் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். குழு வைத்த கணக்கு ஆசிரியை ஜனவரியில் வேலையை விட்டுப் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜெயந்தி இதை மறைக்கவில்லை. இங்கே நடப்பது மாயம் அல்ல, உழைப்பு என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அலுவலர் அடுத்து ஒன்று கேட்டார். "இன்னைக்குக் காலையில யார் யாரெல்லாம் பூ எடுத்தீங்க?"

பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. மறைக்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வராந்தாவில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு தாய்மார் தரையில், அலுவலரும் ஜெயந்தியும் நாற்காலியில். என்னையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் தூணோரம் நின்றுகொண்டேன்.

"வாசிப்பு நல்லாருக்கு. இல்லைன்னு சொல்லல" என்றார் அலுவலர். "ஆனா எட்டு வயசுப் பிள்ளை வயல்ல நிக்கிறத நான் கையெழுத்துப் போட்டு ஒத்துக்க முடியாது. பிள்ளைங்களப் பூவெடுக்கக் கூட்டிட்டுப் போகக் கூடாது. போகலைன்னா பத்தரை மணியும் வேண்டாம். ஒன்பதுக்குத் திறங்க. முடியாதுன்னா நீட்டிப்பு இல்ல."

பாண்டியம்மாள், "சார், எம்மக ஒரு மணி நேரத்துல எம்புட்டுப் பூ எடுப்பான்னு நெனைக்கிறீக? ஒரு கை அளவு. அதுல பாதிக் காம்பு. அவ எடுக்குற பூவுக்காகவா நான் கூட்டிட்டுப் போறேன்?" என்றார்.

"பின்ன எதுக்கு?"

"நாலரைக்கு நான் வீட்ட விட்டுக் கெளம்புறேன். மொட்டு விரியிறதுக்குள்ள எடுக்கணும். திரும்பி வர ஒம்போதரை. அதுவரைக்கும் அவள யாருகிட்ட விட்டுட்டுப் போக? ஒம்போதுக்கு ஸ்கூல் தொறந்தா அவள எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்ப வீட்டுல ஆரு இருக்கா? அப்படித்தேன் சார் முன்ன பதினாலு பேரா கொறஞ்சுச்சு."

எனக்கு இது உறைத்தது. பத்தரை மணி பிள்ளைகளின் வேலைக்காக வைத்த நேரம் என்று அலுவலரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அது தாய்மாரின் வேலைக்காக வைத்த நேரம்.

"அப்பாக்கள் எங்கே?" என்று தூணோரத்திலிருந்து கேட்டுவிட்டேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "ரெண்டு பேரு மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போவாக. மிச்சப் பேரு கனாக் கண்டுக்கிட்டிருப்பாக" என்றாள்.

ஜெயந்தி அப்போதுதான் பேசினார். "சார், பாடம் பத்தரைக்கே இருக்கட்டும். கதவ மட்டும் விடியுமுன்ன தொறந்து வைக்கிறோம். பிள்ளைங்க நேரா இங்க வரட்டும். வயலுக்குப் போக வேண்டாம். சாப்பாட்ட எட்டு மணிக்கு மாத்திக்கிறோம்."

"யாரு இருந்து பாத்துக்குவா? நீங்க மதுரையிலருந்து வர்றீங்க. இவங்க எல்லாம் வயல்ல."

"ஆம்பளைகதேன்" என்றார் பாண்டியம்மாள். "பூவெடுக்கத்தான் வெரல் வேணும். பிள்ளையப் பாத்துக்க மீசை போதும். மொத மொறை எங்க வீட்டுக்காரரு." அவரைக் கேட்க வேண்டாமா என்றாள் ஒருத்தி. "அதெல்லாம் கேட்டுக்கலாம் ஆத்தா" என்றார்.

அலுவலர் பையை மூடினார். "நாளைக்குக் காலையில வர்றேன். சொல்லாமத்தான் வருவேன்."

சொல்லிவிட்டாரே என்று யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அன்று மாலை ஊர் திரும்புவதாக இருந்தேன். போகாமல், திருமங்கலத்தில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். புதன் காலை ஐந்தேகாலுக்கு அதே ஆட்டோக்காரரை வரச் சொல்லியிருந்தேன். திருமங்கலத்திலிருந்தே கூட்டிப்போக நானூறு கேட்டார். போகும் வழியில் போனில் யாரிடமோ, "மாப்ள, ஒனக்கு வெள்ளிக்கெழம மொறையாம்ல, அலாரம் வச்சுக்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது.

ஆறு மணிக்குப் பள்ளி வெளிச்சமாக இருந்தது. உள்ளே பாயில் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். படியில் பாண்டியம்மாளின் கணவர் முருகேசன் உட்கார்ந்திருந்தார், வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு. முன்னால் ஒரு சிறுமி. அவளுக்குப் பின்னால் சீப்போடு இன்னும் ஐந்து பேர் வரிசையில்.

என்னைப் பார்த்ததும் ரிப்பனை எடுத்தார். "என் மகளுக்குத்தேன் போட்டுவிட்டேன். அதப் பாத்துட்டு அம்புட்டுப் பேரும் வந்துட்டாளுக."

யாழினியின் பின்னலைப் பார்த்தேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். "அப்பா, இறுக்கிப் போடு. அவ அம்மா திட்டும்."

ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. அலுவலர் இறங்கி, பிள்ளைகளை எண்ணி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முருகேசன் அருகில் வந்து நின்றார். முருகேசன் எழப் போனார்.

"உக்காருங்க. பாதியில விட்டா பிரிஞ்சிரும்" என்றார் அலுவலர்.

ஒரு வருட நீட்டிப்புக்கு அவர் பரிந்துரைத்திருப்பதாக அடுத்த வாரம் ஜெயந்தி போனில் சொன்னார். பிள்ளைகள் வயலில் தென்பட்டால் ரத்து என்பது நிபந்தனை. ஒரு வருடம் குறைவுதான். மூன்று கேட்டிருந்தார்கள். ஆனாலும் இந்தப் பள்ளி நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். இப்படி நான் எழுதுவது அரிது.

போகிறவர்களுக்கு: குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், செவ்வாய் அல்லது புதன் போங்கள், வெள்ளி வேண்டாம். முகூர்த்த நாள் என்றால் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள், பூ விலை அப்படி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பத்தரை மணி, மற்ற மாதங்களில் ஒன்பது. தண்ணீர் எடுத்துப் போங்கள், விலக்கில் கடை இல்லை. பெண்களுக்கு, அறை வாடகை சேர்த்து மூன்று நாளுக்கும் மூவாயிரத்துக்குள் முடியும். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். வாசிக்கச் சொல்ல வேண்டுமானால் அன்றைய தாளைக் கொண்டுபோங்கள். அவர்களுடைய நேரத்தை அப்படியே உங்கள் ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் ஊரில் வேலை வேறாக இருக்கும்.

எங்கள் ஊரில் நூற்பாலை. தாய்மாருக்கு முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. போன ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் ஒப்பந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு முன் ஒன்று என்று சொல்லி, காலை ஐந்தரைக்குப் பள்ளிக் கதவைத் திறந்து உட்கார யார் யார் வருவீர்கள் என்று கேட்டேன். நான்கு கைகள் எழுந்தன. நான்கும் பெண்களுடையவை. "ஷிப்டுக்குப் போறவங்க கையக் கீழ போடுங்க" என்றேன். ஒரு கைகூட மிஞ்சவில்லை. பின்வரிசை ஆண்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் லாரி ஓட்டும் செந்தில், வாரத்தில் இரண்டு நாள் தன்னால் முடியும் என்றார். மீதி நாட்களுக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் உட்காருவோம்.