மூணுவாலி திரும்பிய ஓடை

ஹெர்பர்ட் அத்தானைத் தங்கமான மனுஷர் என்று காக்ஸ் டவுனில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் அக்கா யூனிஸ். அக்காவுக்குத் துணையாக வந்து அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள் நான், பெட்டி. எனக்குத் தெரிந்த ஹெர்பர்ட்டைத்தான் நான் சொல்ல முடியும்.

அத்தான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சபை சின்னது, பிடிவாதம் பெரிது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பமும் திராட்சரசமும் உண்டு. முழுக்கும் ஓடுகிற தண்ணீரில்தான். ஊருக்கு வெளியே ஒரு சிற்றோடை இருந்தது. வருஷம் ஒருமுறை, மழைக்குப் பிறகு, அங்கே முழுக்கு நடக்கும்.

தண்ணீரைப் பார்த்துச் சொல்வது அத்தான் பொறுப்பு. கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கல் கல்லாகப் புரட்டுவார். கல்லுக்கடியில் மூன்று மெல்லிய வாலோடு ஒரு பூச்சி ஒட்டியிருக்கும். மூணுவாலி என்று அவரே பெயர் வைத்திருந்தார். அது இருந்தால் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் ஓடை செத்துவிட்டது என்று அர்த்தம்.

"மேல தெளிவா இருக்குதுன்னு நம்பிடாத பெட்டி. அடியில யாரு குடியிருக்காங்கன்னு பாரு" என்பார்.

கால் விளங்காத ரெமிஜியஸ் என்பவர் ஒருமுறை, சபைக் கட்டடத்திலேயே ஒரு தொட்டி கட்டக்கூடாதா என்று கேட்டார். சபையை நடத்தும் மூப்பர் அலெக்சாண்டர் அய்யாவுக்குச் சம்மதம்தான். அத்தான் எழுந்து நின்றார். "கட்டி வெச்ச தண்ணி வேணாங்கய்யா. ஓடுற தண்ணியிலதான் ஜீவன் இருக்குது" என்றார். வாத்தியார் சொன்னால் மறுபேச்சு ஏது? பாவம், ரெமிஜியஸை நாற்காலியோடு தூக்கிப்போய் ஓடையில் முக்கினார்கள். அவர் வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்தேன்.

அக்கா தண்ணீருக்குப் பயந்தவள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று முழுக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அப்பத்தட்டு வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அப்புறம் அவளுக்குச் சயரோகம் வந்தது. பயமெல்லாம் எங்கே போயிற்றோ!

"ஒரே ஒரு தடவை உங்க பக்கத்துல உக்காந்து அப்பம் எடுக்கணுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று அத்தானிடம் சொன்னாள்.

அந்த வருஷம் பார்த்துத்தானா ஓடைக்கு மேலே மேட்டில் தோல் பதனிடும் ஷெட் போட்டார்கள்! அத்தானோடு நானும் ஓடைக்குப் போனேன். ஷெட்டின் கழிவு கலந்து தண்ணீர் நாறியது. அவர் ஒரு கல் விடாமல் புரட்டினார். மூணுவாலி இல்லை, நண்டு இல்லை. சிவப்புப் புழுதான் கொத்துக் கொத்தாக இருந்தது. வேறு ஓடைக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. ஜட்கா வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அக்கா இரத்தமாக இருமுவாள்.

"மூணுவாலி இருந்துச்சா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள்.

"இல்ல யூனிஸ்."

அலெக்சாண்டர் அய்யா வீட்டுக்கே வந்தார். "பெரிய அண்டா ஒண்ணு கொண்டாரச் சொல்றேன் வாத்தியாரே. வெந்நி விளாவி இங்கயே முழுக்குக் குடுத்துடலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அத்தான் முகம் வெளுத்துப்போயிற்று. "ரெமிஜியஸை நாற்காலியோட முக்கினோமே அய்யா. என் பொண்டாட்டிக்கு மட்டும் வேற சட்டமா?"

"சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க அத்தான்!" என்று நான் கத்தினேன். உள்ளேயிருந்து அக்காதான் என்னை அடக்கினாள். "விடுடி பெட்டி. மழை வந்து ஓடையைக் கழுவட்டும். நான் இருக்கேன்."

அவள் இருக்கவில்லை. மழைக்கு முன்பே போய்விட்டாள். அப்பம் எடுக்காமலேயே போனாள்.

அதன்பிறகு நான் அத்தானுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரெல்லாம் வியாபாரம் படுத்த சமயத்தில் அந்தத் தோல் ஷெட்டையும் மூடினார்கள். இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் அத்தான் நனைந்த கால்சட்டையோடு வந்து வாசலில் நின்றார். "மூணுவாலி வந்திருக்குது பெட்டி" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அலெக்சாண்டர் அய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி ஓடையிலேயே முழுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்தும்விட்டார். அப்போது அத்தான் எழுந்து, தொட்டி கட்டவேண்டும் என்றார்.

"ஓடைதான் நல்லாயிடுச்சே வாத்தியாரே, இப்பப் போயி தொட்டி எதுக்கு?"

"ஓடை செத்துப் பொழைச்சு வரும் அய்யா. மனுஷங்க வரமாட்டாங்க."

தொட்டி கட்டினார்கள். முதல் முழுக்கு ஒரு நோயாளிப் பெண்ணுக்கு. அத்தான்தான் வெந்நீர் ஊற்றி விளாவினார். கையை விட்டுச் சூடு பார்த்தவர், விட்ட கையை எடுக்கவேயில்லை. பக்கத்தில் குடத்தோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யூனிஸுக்கு இந்தச் சூடு போதுமா பெட்டி?"

அத்தனை வருஷக் கோபத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நானும் கையை விட்டுப் பார்த்தேன்.

"போதும் அத்தான்" என்றேன்.