பூஜ்ஜியம் அழுத்திய மெஹபூப் பீ

செஞ்சிக் கோட்டை மலையடியில் வளையல் விற்றுப் பிழைத்த மெஹபூப் பீ, பொய் பேசாதவள் என்று பேர் எடுத்தவள். ஒரே ஒரு குரலிடம் மட்டும் நாலு மாதமாகப் பொய் சொல்லிவந்தாள்.

மார்பில் கட்டி வந்து, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றத் தொடங்கியபோது, நர்ஸ் கீர்த்தனா அவளுடைய போன் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அன்றுமுதல் தினமும் பகல் பதினோரு மணிக்கு போன் அடிக்கும். பதிவுசெய்த பெண் குரல் ஒன்று, “இன்று உங்கள் உடல் உபாதை எவ்வளவு? பூஜ்ஜியம் முதல் ஒன்பது வரை அழுத்தவும்” என்னும். அவள் பூஜ்ஜியத்தை அழுத்துவாள். “நன்றி” என்று குரல் அடங்கிவிடும்.

வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த நாட்களிலும் பூஜ்ஜியம்தான். எண் கூடினால் மகள் சனோபருக்குத் தகவல் போகும். அவள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள். வெளியே சொல்லாத பயம் இன்னொன்றும் இருந்தது. வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நோய்க்கு அது கேட்டுவிடும், பிறகு துணிச்சல் வந்துவிடும்.

ஆடி அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்தில் விற்க, வீட்டில் வளையல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீமோ ஏற்றி எட்டாம் நாள். திடீரென்று உடம்பு உதறியது. கொளுத்தும் வெயிலில் பற்கள் கிட்டிக்கொண்டன. தெருவே ஸ்பெஷல் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது. கூரையில் ஓயாமல் ஓடும் குரங்குகளின் சத்தம்கூட இல்லை.

போன் அடித்தது. பூஜ்ஜியத்தை அழுத்தினாள்.

நன்றி வரவில்லை. குரல் மறுபடியும் அதையே கேட்டது. அழுத்தினாள். மூன்றாம் முறையும் கேட்டது. இந்தத் தடவை குரல் தணிந்து, தோளருகில் யாரோ குனிந்து கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

“யாரும்மா நீ? இன்னா வேணும் உனக்கு?”

மூச்சு மட்டும் கேட்டது. அது தன் மூச்சா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டை அழுத்தினாள்.

“நன்றி.”

பத்து நிமிடத்தில் கீர்த்தனா கூப்பிட்டாள். “அம்மா, ஜொரம் இருக்குதா?”

“குளுருதும்மா.”

“இருங்க, ஆம்புலன்ஸ் அனுப்புறேன். கதவத் தொறந்து வைங்க.”

ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லை. கிருமி பரவத் தொடங்கியிருந்தது. ராத்திரி வரை விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். சனோபர் ஒன்பது நாள் லீவு போட்டு உடனிருந்தாள். வேலை போகவில்லை. ஆனால் மறைத்த கோபத்தில் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

உடம்பு தேறியதும் மெஹபூப் பீ கேட்டாள்: “அன்னிக்கு ஏம்மா மூணு தபா கேட்டுச்சு?”

கீர்த்தனா சிரித்தாள். “அது ஒரு தபாதாம்மா கேட்கும். பதில் வந்ததும் கட்டாயிடும்.” கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அந்தத் தேதிக்கு நேராக ஒரே அழைப்பு, ஒரே எண். எட்டு.

அடுத்த கட்டிலில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ராயம்மாளிடம் மெஹபூப் பீ இதைச் சொன்னாள். “இனிமே நெசத்தயே அழுத்து.”

“நானும் பூஜ்ஜியந்தான் அழுத்துறேன், அக்கா” என்றாள் ராயம்மாள். “என்னய ஒருநாளும் திரும்பக் கேட்டதில்லயே.”




அவள் தன் தலையணையருகே கிடந்த போனை எடுத்து, முகம் கீழாகத் திருப்பி வைத்தாள்.